டிசம்பரில் ரிஷிகேஷ் ராஃப்டிங்: 12 வயது மகனையும் படகில் ஏற்றலாமா?

செந்தூல்வாசி:
அனைவருக்கும் வணக்கம். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு வட இந்தியா போகிறோம். கோலாலம்பூரிலிருந்து டில்லி, பிறகு ஹரித்துவார், ரிஷிகேஷ். மாமனார், மாமியாருக்குக் கங்கையில் குளிக்க வேண்டும், மாலை ஆரத்தி பார்க்க வேண்டும். பிள்ளைகள் இருவருக்கும் ராஃப்டிங்கை, அதாவது வேகமாகப் பாயும் ஆற்றில் ரப்பர்ப் படகில் போவதைத் தவிர வேறு பேச்சே இல்லை. மகளுக்கு வயது 16, மகனுக்கு 12.

முகவர் ஒருவர் சிவபுரியிலிருந்து ரிஷிகேஷ் வரையிலான 16 கிலோமீட்டர் பாதையைப் பரிந்துரைக்கிறார். உத்தராகண்ட் அரசு விதிப்படி 14 வயது நிறைந்திருக்க வேண்டும் என்று படித்தேன். அதைக் கேட்டதற்கு, "பையன் உயரமாகத்தானே இருக்கிறான், படிவத்தில் 14 என்று எழுதிக்கொள்ளலாம், எல்லாரும் செய்வதுதான்" என்று புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) குரல்பதிவு அனுப்பியிருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்து மனம் ஒப்பவில்லை. மகன் நீச்சல் வகுப்பில் முறையாகக் கற்றவன். என் மனைவிக்கு நீச்சலே தெரியாது, ஆனால் அவளும் வருவேன் என்கிறாள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மலைநாட்டான்:
தயங்காமல் போய் வாருங்கள். நாங்கள் குடும்பத்தோடு சிவபுரியிலிருந்துதான் இறங்கினோம். ஆறு அலையடித்து வேகமெடுக்கும் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வழிகாட்டி பெயரைச் சொன்னதும் படகே கூச்சலிடும். இடையில் அமைதியான நீரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மிதக்கவும் விடுவார்கள். எங்களுக்கு அடுத்த படகில் உங்கள் மகனைவிடச் சிறிய பிள்ளைகள் இருந்தார்கள். கிரேடு மூன்றுதான், பயப்பட ஒன்றும் இல்லை.

துடுப்பு:
சிலாங்கூரில் உள்ள கோலகுபு பாருவில் பல ஆண்டுகள் ராஃப்டிங் வழிகாட்டியாக இருந்தவன் நான். ரிஷிகேஷிலும் ஒரு பருவம் தங்கி அங்குள்ள வழிகாட்டிகளோடு இறங்கியிருக்கிறேன். செந்தூல்வாசி, அந்தக் குரல்பதிவைக் கேட்ட பிறகு அந்த முகவரோடு பேச எதுவும் இல்லை. பையனின் திறமை ஒரு பக்கம் இருக்கட்டும். கரையில் இருக்கும்போதே ஒரு விதியைப் பணத்துக்காகத் தளர்த்துகிறவர், ஆற்றில் நீர் ஏறியிருக்கும் காலையில் "இன்று வேண்டாம்" என்று உங்களிடம் சொல்லவே மாட்டார். ராஃப்டிங்கில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது அந்த "இன்று வேண்டாம்" என்ற சொல்லைத்தான். படகும் துடுப்பும் எல்லாரிடமும் கிடைக்கும்.

கிரேடு என்பதையும் தெளிவாக்கிவிடுகிறேன். உலக அளவில் ஆற்றுப் பாய்ச்சல்களை ஒன்றிலிருந்து ஆறு வரை வகுத்திருக்கிறார்கள். ஒன்று என்றால் சிற்றலை, ஆறு என்றால் உயிரைப் பணயம் வைப்பது. ஆனால் அந்த எண் பாறையில் செதுக்கிய எண் அல்ல. நீர்மட்டம் மாறினால் அதுவும் மாறும். ஒரே பாய்ச்சல் மார்ச்சில் மூன்றாகவும் நீர் பெருகிய செப்டம்பரில் நான்காகவும் இருக்கும். நீர் மிகவும் குறைந்தாலும் நல்லதில்லை. மூழ்கிக் கிடந்த பாறைகள் தலைகாட்டும், கால் சிக்கும் இடுக்குகள் கூடும். அதனால் முதலில் "இன்று நீர் எவ்வளவு" என்று கேளுங்கள். கிரேடு எத்தனை என்பதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

ரிஷிகேஷில் இன்னொன்றும் இருக்கிறது. தேவப்பிரயாகையில் பாகீரதியும் அலக்நந்தாவும் சேர்ந்த பிறகுதான் அந்த ஆறு கங்கை ஆகிறது. பாகீரதியில் 260 மீட்டர் உயரமுள்ள தெஹ்ரி அணையும் அதற்குக் கீழே கோட்டேஷ்வர் அணையும் இருக்கின்றன. மின்னுற்பத்திக்காக நீரைத் திறக்கும் நேரத்தைப் பொறுத்து ஒரே நாளில்கூட மட்டம் மாறும். காலையில் பார்த்த மணல்திட்டு மாலையில் பாதி மறைந்திருக்கும். உள்ளூர் வழிகாட்டிகள் இதைக் கண்ணாலேயே அளந்துவிடுவார்கள்.

மலைநாட்டான்:
துடுப்பு அண்ணன், உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் லைஃப் ஜாக்கெட் போட்டவன் மூழ்குவதில்லையே? பையனுக்கு நீச்சலும் தெரியும் என்கிறார். நம் பிள்ளைகளை நாமே பயமுறுத்தி வளர்க்கிறோமோ என்பதுதான் என் கவலை.

துடுப்பு:
கவலை நியாயமானது. பிள்ளைகள் ஆற்றில் இறங்க வேண்டும் என்பதுதான் என் விருப்பமும். ஆனால் லைஃப் ஜாக்கெட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

நீருக்குள் மனித உடலின் பெரும் பகுதி தானாகவே மிதக்கும். ஒரு வளர்ந்தவரின் தலையை மேலே வைத்திருக்க 3 முதல் 5 கிலோ மிதப்புவிசை கூடுதலாகக் கிடைத்தால் போதும். நல்ல ஜாக்கெட் அதைவிடக் கூடுதலாகவே தரும். ஆனால் இந்தக் கணக்கு காற்று கலக்காத நீருக்கு. பாய்ச்சலில் நீங்கள் காணும் வெள்ளை நிறம் காற்று. நுரைத்த நீரில் பாதி காற்றாக இருந்தால் அது உங்களைத் தாங்குவதும் அதற்கேற்பக் குறையும். அதனால்தான் பெரிய அலைக்குள் விழுந்தவர் ஜாக்கெட்டோடு சில நொடிகள் கீழே போய், சற்றுத் தள்ளி மேலே வருகிறார். அந்த நொடிகளில் வாயை மூடி, தலைக்கு மேல் வெளிச்சம் வரும்வரை பொறுத்திருக்கப் பெரியவர்களுக்கே பழக்கம் வேண்டும்.

அடுத்தது அளவு. பெரியவர்களுக்கான ஜாக்கெட்டை 12 வயதுப் பையனுக்கு மாட்டினால் ஆள் உள்ளே தொங்குவான், ஜாக்கெட் காதுக்கு மேல் ஏறிவிடும். மாட்டியதும் தோள்பட்டை வார்களைப் பிடித்து ஒருவர் மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். அது தாடையைத் தாண்டினால் அந்த ஜாக்கெட் வேண்டாம். உயரமான பையன் என்கிறீர்கள், ஆனால் மார்புச் சுற்றளவு உயரத்தோடு சேர்ந்து வருவதில்லை. எடையும் குறைவு. நாங்கள் படகின் ஓரத்தில் உட்கார்ந்து, கால்களை ரப்பர்க் குழாய்க்கு அடியில் செருகிக்கொண்டு நிலைக்கிறோம். கால் எட்டாதவனுக்கு அந்தப் பிடி கிடைக்காது.

நீச்சலைப் பற்றி ஒரு சொல். குளத்து நீச்சல் பயத்தைக் குறைக்கிறது, அது பெரிய உதவி. ஆனால் நீரோட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் உடலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. முழங்கால் ஆழம்தானே என்று ஓடும் நீரில் எழுந்து நிற்கிறவரின் பாதம் பாறை இடுக்கில் மாட்டினால், பின்னால் வரும் நீர் அவரைக் குப்புறத் தள்ளி அழுத்திவிடும். நீச்சல் நன்றாகத் தெரிந்தவர்கள்தான் பலமுறை எழுந்து நிற்கப் பார்க்கிறார்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் அக்கா:
செந்தூல்வாசி தம்பி, துடுப்பு சொல்வதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் காப்பீட்டுத் துறையில் இருக்கிறேன். பயணக் காப்பீட்டில் ராஃப்டிங் எல்லா ஒப்பந்தத்திலும் தானாக அடங்காது. சாகச நடவடிக்கைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கும். உரிமம் பெற்ற நிறுவனத்தோடு போயிருக்க வேண்டும், இந்தக் கிரேடுக்கு மேல் கூடாது என்றெல்லாம் நிபந்தனைகள் வரும். படிவத்தில் வயதைப் பொய்யாக எழுதிக் கையொப்பமிட்டிருந்தால், கை எலும்பு முறிந்து டேராடூன் மருத்துவமனையில் இருக்கும்போது நிறுவனம் முதலில் கேட்பது அந்தப் படிவத்தைத்தான். விமானத்தில் படுக்க வைத்துக் கோலாலம்பூர் கொண்டுவரும் செலவு பல்லாயிரம் வெள்ளி. பையன் பெயரில் பொய் எழுதுவது அவனுக்கு நாம் கற்றுக்கொடுக்கும் பாடமாகவும் ஆகிவிடும். அவனுக்குத் தெரியாமலா எழுதப் போகிறீர்கள்?

உங்கள் மனைவி தாராளமாகப் போகலாம். எனக்கும் நீச்சல் தெரியாது, போயிருக்கிறேன். நீச்சல் தெரியாது என்பதை வழிகாட்டியிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், படகில் அவருக்கு அருகில் உட்கார வைப்பார். பெண்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று. வளையல், தொங்கட்டான், மோதிரம் எல்லாவற்றையும் அறையில் வைத்துவிடுங்கள். தாலியைக் கழற்ற மனம் வராது என்பது தெரியும். கழுத்தோடு ஒட்டிய நீச்சல் சட்டைக்குள் விட்டு மேலே ஜாக்கெட்டை இறுக்கினால் வெளியே வராது. சங்கிலி வெளியே தொங்கக்கூடாது, படகைச் சுற்றியிருக்கும் கயிற்றில் மாட்டினால் கழுத்தைத்தான் இழுக்கும். பின்னலை ஹெல்மெட்டுக்குள் சுருட்டிக்கொள்ள வேண்டும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும், டிசம்பரில் காயவே காயாது. மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் பின்னால் கட்டும் வார் வாங்கிக்கொள்ளுங்கள்.

செந்தூல்வாசி:
அக்கா, அண்ணன், இருவருக்கும் நன்றி. நீர் குளிராக இருக்கும் என்று தெரியும், ஆனால் எவ்வளவு என்று கணிக்க முடியவில்லை. கேமரன் மலை அளவு என்று எடுத்துக்கொள்ளலாமா?

துடுப்பு:
காற்று அந்த அளவு இருக்கலாம். நீர் அப்படி அல்ல. அது இமயப் பனியாற்றிலிருந்து வருகிறது. நம் ஆறுகளில் பழகிய உடல் அந்த நீரில் திடீரென்று விழுந்தால், நம்மைக் கேட்காமலே ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுக்கும். அந்த நேரத்தில் தலை நீருக்குள் இருந்தால் இழுப்பது நீரைத்தான். இந்த அதிர்ச்சி ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் தணியும். அதுவரை நீந்த முயலாமல் மல்லாந்து, மூச்சைச் சீராக்குவது ஒன்றே வேலை. அதன் பிறகு சில நிமிடங்களில் விரல்கள் மரத்துப்போகும், கயிற்றைப் பிடிக்கும் வலு குறையும். எடை குறைந்த உடல் இன்னும் விரைவாகக் குளிர்ந்துவிடும், சிறுவர்களைத் தடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வெட்சூட், அதாவது நீரில் உடல் சூட்டைக் காக்கும் ரப்பர் உடை, வாடகைக்குக் கிடைக்கும், பணம் பார்க்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். காலை முதல் படகை விட்டுவிட்டு வெயில் ஏறிய பிறகு இறங்குங்கள். அந்தப் பள்ளத்தாக்கில் சூரியன் மலைக்கு மேல் வரவே நேரமாகும்.

ஜார்ஜ்டவுன் தமிழச்சி:
பினாங்கிலிருந்து எழுதுகிறேன். தம்பியை விட்டுவிட்டு அக்கா மட்டும் போனால் பயணம் முழுவதும் முகம் தூக்கிக்கொண்டுதான் இருப்பான், அதையும் யோசியுங்கள். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு வழி செய்தோம். சின்னவனுக்கு அவன் வயதுக்கு ஏற்ற ஆற்றை முதலிலேயே காட்டிவிட்டோம். பாலியில் உபுட் பக்கம் ஆயுங் ஆறு இருக்கிறது, கிரேடு இரண்டு, மூன்று. இரு கரையிலும் காடும் பாறைச் சுவர்களும். ஆற்றை அடைய நிறையப் படிகள் இறங்க வேண்டும், முடிந்ததும் ஏறவும் வேண்டும், மூட்டுவலி உள்ளவர்களுக்கு அதுதான் கடினம். கிழக்குப் பக்கம் தெலாகா வாஜா இன்னும் வேகமானது, சிறியவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் எங்களுக்குக் கூலிம் பக்கம் செடிம் ஆறு, உங்களுக்குப் பேராக்கில் உள்ள கோப்பெங். சபாவில் கியுலு ஆறு கிரேடு ஒன்று, இரண்டுதான், குடும்பங்களுக்கென்றே படைத்தது மாதிரி. அதே சபாவில் பாடாஸ் ஆற்றுக்குப் போபோர்ட்டிலிருந்து பள்ளத்தாக்கு வழியே ரயிலில் போய் இறங்க வேண்டும். அது மூன்று, நான்கு. பையன் வளர்ந்த பிறகு அதற்குக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள், அந்த ரயில் பயணத்துக்காகவே போகலாம்.

மலைநாட்டான்:
வயதை மாற்றி எழுதுவதை நான் ஆதரிக்கவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் ரிஷிகேஷில் மகளைப் பிரம்மபுரியிலிருந்து தொடங்கும் 9 கிலோமீட்டர் குறும்பாதையில் மட்டும் அனுப்பிவிடாதீர்கள். 16 வயதில் சிவபுரி அவளுக்குச் சரியான பாதை. கௌடியாலாவிலிருந்து இறங்கும் நீண்ட பாதைதான் வேண்டாம். அதில் "தி வால்" என்று ஒன்று இருக்கிறது, படகுகளைக் கவிழ்ப்பதற்குப் பெயர் போனது, முதல்முறை போகிறவர்களுக்கு அல்ல.

துடுப்பு:
இதில் முழுவதும் உடன்படுகிறேன்.

செந்தூல் கிளினிக்:
கோப்பெங், செடிம் என்று பேச்சு நம் ஆறுகள் பக்கம் வந்துவிட்டதால் மருத்துவராக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எலிச் சிறுநீர் நோயை யாரும் இன்னும் குறிப்பிடவில்லை. லெப்டோஸ்பைரா என்ற கிருமி எலி முதலான விலங்குகளின் சிறுநீர் வழியே ஆற்றில் கலந்து, கீறல்கள், கண், மூக்கு, வாய் வழியாக உடலுக்குள் போகிறது. 2000ஆம் ஆண்டு சபாவில் நடந்த எக்கோ சேலஞ்ச் சாகசப் போட்டியில் 304 பேர் கலந்துகொண்டார்கள். பிறகு தொடர்புகொள்ள முடிந்த 189 பேரில் 80 பேருக்கு இந்நோயின் அறிகுறிகள் இருந்தன, 29 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். போட்டிப் பாதையில் இருந்த சேகாமா ஆற்றில் நீந்தியவர்களுக்கே ஆபத்து அதிகம் என்று ஆய்வில் தெரியவந்தது. யாரும் இறக்கவில்லை.

இதனால் ஆற்றுக்கே போகாதீர்கள் என்று சொல்லவில்லை. காலில் புண் இருந்தால் நீர் புகாதபடி ஒட்டிக்கொள்ளுங்கள், ஆற்று நீரை விழுங்காதீர்கள், கரையேறியதும் நல்ல நீரில் குளியுங்கள். கடும் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் அது பெரும்பாலும் ஆற்றுக்குப் போய் ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் வரும், ஒரு மாதம்வரைகூட ஆகலாம். அதற்குள் எல்லாரும் ஆற்றை மறந்துவிடுவார்கள். டெங்கி என்று நினைத்து இரத்தப் பரிசோதனை ஒன்றை மட்டும் செய்துகொண்டு வீட்டில் படுத்திருப்பார்கள். மருத்துவரிடம் "ஆற்றில் இறங்கினேன்" என்ற ஒரு வரியைச் சொன்னால் போதும், சரியான மருந்தைத் தொடக்கத்திலேயே தந்துவிடலாம். பெற்றோர்களே, இந்த வரியைப் பிள்ளைகளின் பள்ளி மருத்துவக் குறிப்பில் எழுதி வைத்தாலும் தவறில்லை.

செந்தூல்வாசி:
மிகவும் பயனுள்ள செய்தி டாக்டர். முகவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். துடுப்பு அண்ணன், பயணத்துக்கு முன்னால் மனைவியையும் மகளையும் கோலகுபு பாருவில் ஒருமுறை இறக்கிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அங்கே என்ன பழக வேண்டும்? சிறியவனை அங்கேயாவது ஏற்றலாமா? அங்குள்ள நிறுவனத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

துடுப்பு:
நல்ல முடிவு. சிலாங்கூர் ஆறும் அணைக்குக் கீழேதான் ஓடுகிறது, அதனால் நீர்மட்டத்தைப் பற்றிக் கேட்கும் பழக்கத்தை அங்கேயே தொடங்கலாம். செந்தூலிலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். சிறியவனுக்குக் கோப்பெங் பக்கம் கம்பார் ஆற்றின் எளிய பகுதி இன்னும் பொருத்தம். எங்கே போனாலும் அவனுக்கேற்ற ஜாக்கெட் அவர்களிடம் இருக்கிறதா என்று தொலைபேசியிலேயே கேளுங்கள். "சரிசெய்துகொள்ளலாம்" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

பழக வேண்டியதில் முதலாவது, விழுவது. அமைதியான இடத்தில் வேண்டுமென்றே படகிலிருந்து குதிக்கச் சொல்லுங்கள். மல்லாந்து படுத்து, கால்களை நீரோடும் பக்கமாக நீட்டி, கால்விரல்கள் நீருக்கு மேலே தெரியும்படி மிதக்க வேண்டும். எதிரே பாறை வந்தால் பாதம் தாங்கிக்கொள்ளும், தலை தப்பிக்கும். விழுந்து கிடக்கும் மரம் எதிரே வந்தால் மட்டும் இந்த முறை உதவாது. மரக்கிளைகள் நீரை வடிகட்டி விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொள்ளும். உடனே புரண்டு, குப்புறக் கிடந்து, முழு வலுவோடு அதிலிருந்து விலகி நீந்த வேண்டும்.

விழுந்தவரை இழுக்கக் கரையிலிருந்து கயிறு அடைத்த பையை வீசுவார்கள். பையைப் பிடிக்க வேண்டாம், கயிற்றைப் பிடிக்க வேண்டும். பிடித்ததும் கயிறு தோளுக்கு மேலாகப் போகும்படி முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டால் முகத்தில் நீர் அடிக்காது. கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது, விட வேண்டிய நேரத்தில் விட முடியாது. படகில் இருக்கும்போது துடுப்பின் உச்சியிலுள்ள குறுக்குப்பிடியை உள்ளங்கை எப்போதும் மூடியிருக்க வேண்டும். ராஃப்டிங்கில் நான் பார்த்த காயங்களில் ஆறு செய்தவை குறைவு. பக்கத்தில் இருப்பவரின் துடுப்புப் பிடி பல்லை உடைப்பதுதான் அதிகம்.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க, "என்ன நிலைமையில் பயணத்தை நிறுத்துவீர்கள்" என்று கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்பவர் அந்த நிலைமையைச் சந்தித்திருக்கிறார். ரிஷிகேஷில் பாதுகாப்புக் கயாக் (விழுந்தவரை மீட்க உடன் வரும் சிறு படகு) கூட வருகிறதா, கயிற்றுப் பை எல்லாப் படகிலும் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். இறங்குவதற்கு முன் கரையில் நடக்கும் விளக்கத்தைச் செல்ஃபி நேரமாக நடத்துகிறவர்களோடு போகாதீர்கள்.

நம் நாட்டுக்கே உரிய எச்சரிக்கை ஒன்று. தித்திவங்சா மலைத்தொடரில் பிற்பகலில் மழை கொட்டும், நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே கிளைகளும் சேறும் அடைத்துத் தேங்கிய நீர் உடைத்துக்கொண்டு ஒரே மூச்சில் வரும், நாம் கெப்பாலா ஆயர் என்று சொல்கிறோமே அதுதான். தெளிந்த நீர் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் திடீரென்று மிதந்து வந்தாலோ, நீரின் இரைச்சல் மாறினாலோ, பொருள்களை எடுக்கத் திரும்பாமல் உயரத்துக்கு ஏறிவிடுங்கள். அதனால்தான் நம் ஆறுகளில் காலையில் இறங்கி நண்பகலுக்குள் கரையேறச் சொல்கிறேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ் அக்கா:
மாமனார், மாமியாரை என்ன செய்யப் போகிறீர்கள் தம்பி? படகு இறங்கும் இடத்துக்கு அவர்களை வண்டியில் அழைத்துப் போய்க் குளிரில் காக்க வைக்காதீர்கள். திரிவேணி படித்துறையில் மாலை ஆரத்திக்கு முன்னதாகவே போனால் உட்கார இடம் கிடைக்கும். ராஃப்டிங் முடித்த நீங்களும் உலர்ந்த உடையோடு அங்கே சேர்ந்துகொள்ளலாம்.

செந்தூல்வாசி:
அப்படியே செய்கிறோம் அக்கா. நேற்று இரவு மகனிடம் உட்கார்ந்து பேசினேன். விதி 14 என்பதையும், முகவர் சொன்னதையும், நான் மறுத்ததையும் ஒளிக்காமல் சொன்னேன். கோபம் வந்தது. பிறகு துடுப்பு அண்ணன் நுரை நீரைப் பற்றி எழுதியதை அவனே இரண்டு முறை படித்தான். "அப்படியானால் கோப்பெங்குக்கு நான் முதலில், அக்கா பிறகு" என்று நிபந்தனை போட்டிருக்கிறான். ஒத்துக்கொண்டேன். ரிஷிகேஷில் அக்காளும் அம்மாவும் நானும் சிவபுரியிலிருந்து இறங்குவோம், அவன் தாத்தாவோடு இருப்பான். காப்பீட்டில் ராஃப்டிங் பிரிவைச் சேர்க்க இன்று கேட்டிருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை கோப்பெங். துடுப்பு அண்ணன், உங்களால் வர முடியுமா? செலவு என்னுடையது.

துடுப்பு:
செலவு வேண்டாம், வருகிறேன். காலை எட்டரைக்குள் ஆற்றங்கரையில் இருக்க வேண்டும், அதனால் விடியும்போதே கிளம்புங்கள். பையனுக்குக் கட்டும் காலணி, செருப்பு வேண்டாம். வெள்ளிக்கிழமை இரவு மலைப்பக்கம் கனத்த மழை என்றால் நானே அழைத்து வேண்டாம் என்று சொல்லிவிடுவேன், அவனிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.